மூணு லாரி, நாலு டிரைவர்: எது சம்பளம், எது பேட்டா, வரி எவ்வளவு?

12 ஜூன் 2025, கேள்வி (திருச்செங்கோட்டிலிருந்து)

மூணு வண்டி ஓடுது. பன்னிரண்டு சக்கரம் ரெண்டு, பத்துச் சக்கரம் ஒண்ணு, எல்லாம் என் பேர்லதான். டிரைவருக்கு மாசச் சம்பளம்னு எதுவும் கிடையாது, வாடகையில் பர்சண்ட். "44ஏஇ-ல போட்டுடலாம், டிரைவர் கணக்கே தேவையில்லை"ங்கிறார் ஆடிட்டர். "டிரைவருக்கு டிடிஎஸ் பிடிக்காம விட்டா நோட்டீஸ் வரும்"னு பயமுறுத்துறார் மச்சான். யார் பேச்சைக் கேட்கறது?

12 ஜூன் 2025, இரவு

சங்ககிரியிலிருந்து எழுதறேன். எங்க வீட்டுல அப்பா வண்டி வாங்குவார், தம்பி ஓட்டுவான், கணக்கு என் தலையில.

வரியைப் பொறுத்தவரை உங்க ஆடிட்டர் சொல்றது சரி. வருஷத்துல எந்த ஒரு நாளிலயும் பத்து வண்டிக்கு மேல உங்ககிட்ட இல்லைன்னா 44ஏஇ, அதாவது லாரிக்காரங்களுக்கு உத்தேசமா வருமானம் போடுற வருமான வரிப் பிரிவை எடுத்துக்கலாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு வச்சுக்குவாங்க. அதுக்குக் கீழ உள்ள வண்டிக்கு, எடை எதுவா இருந்தாலும், மாசம் 7,500. டீசல், டயர், டோல், தேய்மானம், கடன் வட்டி, டிரைவர் சம்பளம் எல்லாம் கழிச்ச பிறகு நிக்கிற தொகைதான் அதுன்னு சட்டமே சொல்லிடுது. தனியா எதையும் கழிக்க முடியாது. நிஜமாவே அதைவிட அதிகமா சம்பாதிச்சதா நீங்க காட்டினா, அந்தத் தொகைக்குத்தான் வரி.

உங்க மச்சான் சொல்றதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, ஆனா உங்களுக்குப் பொருந்தாது. சம்பளத்துல டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிச்சுக் கட்டுற வரி, பிடிக்கணும்னா அந்த ஆளுக்கு வரி வர்ற அளவுக்குச் சம்பளம் இருக்கணும். இந்த வருஷம் புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. மாசம் ஒரு லட்சம் வாங்குற லாரி டிரைவர் யாராவது இருந்தா சொல்லுங்க, நானே லைசென்ஸ் எடுத்துடறேன்.

13 ஜூன் 2025

கணக்கு போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கீங்க. 35 டன் ரெண்டு, 28 டன் ஒண்ணு, ஆக 98 டன். வருஷம் முழுக்கக் கையில இருந்தா 11,76,000 ரூபாய் வருமானம்.

இப்போ தாக்கல் பண்ணப்போற 2024-25க்கு, புது முறையில, இதுக்கு வரி 76,400. செஸ் சேர்த்து 79,456. அதே 98 டன்னுக்கு 2025-26ல 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஒரே வருஷத்துல வந்த வித்தியாசம். ஆனா 12 லட்சத்துக்கு இன்னும் 24,000 தான் பாக்கி. பேங்க் வட்டி, கடை வாடகைன்னு 50,000 சேர்ந்தா 12,26,000 ஆயிரும். அப்பவும் பயப்பட வேண்டாம், 12 லட்சத்தைத் தாண்டின 26,000தான் வரி, மேல செஸ். மொத்தம் 27,040.

15 ஜூன் 2025

சேலத்துக்காரர் ஒருத்தர் "டன்னுன்னா ஏத்துற லோடு, அதனால 24 டன்னுக்குப் போட்டா போதும்"னு எழுதியிருக்கார். இல்லீங்க. ஆர்.சி.யில இருக்கிற மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்தது. வண்டி லோடில்லாம பட்டறையில ஒரு மாசம் நின்னாலும் அந்த மாசமும் கணக்குல வரும், ஏன்னா சட்டம் "ஓட்டின மாசம்"னு கேட்கலை, "வச்சிருந்த மாசம்"னு கேட்குது. மாசத்துல ஒரு நாள் வச்சிருந்தாலும் முழு மாசம்.

இன்னைக்குத் தேதி 15ங்கிறதால இன்னொண்ணு. கடைக்காரங்க 44ஏடி-ல (சின்ன வியாபாரத்துக்கான இதே மாதிரிப் பிரிவு) முன்வரியை, அதாவது அட்வான்ஸ் டாக்ஸை, மார்ச் 15ல ஒரே தவணையா கட்டுவாங்க. அந்தச் சலுகை 44ஏஇ-க்குக் கிடையாது. வரி 10,000க்கு மேல வரும்னா ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்னு நாலு தவணை. லாரிக்காரங்க பாதிப்பேர் இதுல வட்டி கட்டுறாங்க.

2 ஜூலை 2025

ராசிபுரத்திலிருந்து: "அக்கா, டிரைவரை ஊழியர்னு காட்டாம காண்ட்ராக்ட்னு எழுதிட்டா தொல்லை இல்லையே?"

தொல்லை அங்கதான் ஆரம்பிக்குது. போன வருஷம் மொத்த வாடகை வரவு ஒரு கோடியைத் தாண்டியிருந்தா, தனிநபரா இருந்தாலும், காண்ட்ராக்ட் காசுக்கு டிடிஎஸ் பிடிக்கச் சொல்ற 194சி உங்க மேல பாயும். மூணு பெரிய வண்டி ஓடினா ஒரு கோடி ஒண்ணும் தூரமில்லை. காண்ட்ராக்ட்னு எழுதின டிரைவருக்கு வருஷத்துல ஒரு லட்சத்துக்கு மேல கொடுத்தா 1 பர்சண்ட் பிடிச்சு, கட்டி, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டர்ன் போடணும். சம்பளம்னு எழுதினா இது எதுவுமே இல்லை. தவிர, உங்க வண்டி, உங்க டீசல், நீங்க சொல்ற ஊர், நீங்க சொல்ற நேரம். இதுல அவர் எப்படிக் காண்ட்ராக்டர் ஆவார்?

இதே 194சி-யில நமக்கு வர்ற பணத்துக்குத்தான் சலுகை இருக்கு. பத்து வண்டிக்குள்ளதான் வச்சிருக்கேன்னு பான் நம்பரோட எழுதிக் கொடுத்தா, நமக்கு லோடு தர்ற புக்கிங் ஆபீஸ் டிடிஎஸ் பிடிக்கக்கூடாது. வருஷ ஆரம்பத்துலயே எல்லா ஆபீசுக்கும் ஒரு காப்பி கொடுத்து வச்சிருங்க. மார்ச்சுல கொடுத்தா "போன மாசமே பிடிச்சுக் கட்டியாச்சு"ம்பாங்க.

9 ஜூலை 2025

வரியை விடுங்க. நிஜமான தலைவலி நடைக்கணக்கு, அதாவது ஒவ்வொரு டிரிப்போட கணக்குதான், அதைப் பத்தி யாரும் கேட்கலை, நானே எழுதறேன்.

அப்பா காலத்துல டிரைவர் கையில மொத்தமா ஒரு தொகை போகும். அதுலேயே டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், செக்போஸ்ட், சாப்பாடு, அவரோட படிக்காசு எல்லாம். திரும்பி வந்ததும் திண்ணையில உக்காந்து சீட்டைப் பிரிப்பாங்க. அப்பா ஒவ்வொரு சீட்டா பார்த்துட்டு "இந்தப் பஞ்சர் போன நடையிலயும் வந்துதே"ம்பார். சண்டை, சமாதானம், டீ. மிச்சம் என்னவோ அதுதான் டிரைவர் சம்பாத்தியம். அது எவ்வளவுன்னு அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு டோல் காசு டிரைவர் கையை விட்டுப் போயிருச்சு. டீசல் கார்டு வந்து டீசலும் போச்சு. மிச்சம் இருக்கிறது ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பார்க்கிங், பஞ்சர், கயிறு, தார்ப்பாய். இதை நான் வழிச்செலவுன்னு தனி நோட்டுல வச்சிட்டேன். இது டிரைவரோட வருமானமே இல்லை, நம்ம செலவு அவர் கை வழியா போகுது, அவ்வளவுதான். அவருக்குன்னு போறது தனி: மாசச் சம்பளம் பேங்க்ல, வெளியூர் நாளுக்குப் பேட்டா, ஹால்ட் ஆனா ஹால்ட் பேட்டா.

இந்த மாத்தத்துக்கு அப்பா ஒத்துக்க ரொம்ப நாள் ஆச்சு. பர்சண்ட் கொடுத்தாத்தான் டிரைவர் வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்ப்பான்ங்கிறது அவர் கட்சி. முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன். மாசச் சம்பளம் ஆன பிறகு ரிட்டன் லோடு தேடுற வேகம் குறைஞ்சிது. முன்னாடி டிரைவரே ஃபோன் போட்டு "அக்கா, இங்க ஒரு லோடு இருக்கு, எடுக்கட்டுமா"ன்னு கேட்பார். இப்போ நான் போடணும். இன்னொரு பக்கம், பர்சண்ட்ல இருந்தப்போ கூட ரெண்டு டன் ஏத்திக்கிட்டு வருவாங்க. 2019லிருந்து ஓவர்லோடுக்கு 20,000, அதுக்கு மேல டன்னுக்கு 2,000 அபராதம். கூடுதல் வாடகையில அவருக்குப் பங்கு உண்டு, அபராதத்துல பங்கு கிடையாது. பர்சண்ட் இப்படித்தான் வேலை செய்யும்.

இப்போதைக்கு ரெண்டுக்கும் நடுவுல நிக்கறோம். சம்பளம் நிலையா இருக்கு, ரிட்டன் லோடு அவரே பிடிச்சா அந்த நடைக்கு மட்டும் பர்சண்ட். மைலேஜ் நல்லா வந்தா மிச்ச டீசல்ல பங்கு உண்டு, குறைஞ்சா சம்பளத்துல பிடிக்கறது இல்லை. மலைப்பாதையில லோடோட ஏறின வண்டிக்கு மைலேஜ் கேட்டு யார்கிட்ட பிடிக்கறது?

10 ஜூலை 2025

"செக்போஸ்ட் மாமூலை எந்தத் தலைப்புல எழுதறீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அந்த நோட்டுல "இதர"ன்னு ஒரு பக்கம் இருக்கு. சட்டவிரோதமா கொடுத்த காசைச் செலவுன்னு கழிக்க முடியாது. 44ஏஇ-ல நாம எதையுமே கழிக்கறது இல்லை, அதனால கேள்வியே எழலை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

11 ஜூலை 2025

அட்வான்ஸை விட்டுட்டேன். சேரும்போது டிரைவர் கேட்கிற முன்பணம், பொண்ணு கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடறது. 20,000 அல்லது அதுக்கு மேல கடனா ரொக்கத்துல வாங்கக்கூடாதுன்னு 269எஸ்எஸ் சொல்லுது. இதுல மாட்டறது கொடுத்தவர் இல்லை, வாங்கினவர். அபராதம் வாங்கின தொகை அளவுக்கே போகலாம். அதனால பேங்க்ல போடுங்க. அவர் நடுவுல வண்டியை நிறுத்திட்டுப் போனாலும் எவ்வளவு கொடுத்தோம்னு ஒரு வரி இருக்கும். போனவங்ககிட்ட இருந்து அட்வான்ஸ் திரும்பி வந்த கதையை நான் இன்னும் கேட்டதில்லை, அது வேற.

21 ஆகஸ்ட் 2025

எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு. அவங்க வண்டி ஆந்திராவுல நின்னுக்கிட்டிருந்த டிரெய்லர் மேல மோதி டிரைவர் போயிட்டார். வயசு 40. தப்பு இவர் மேலன்னு எஃப்.ஐ.ஆர். ஆனதால விபத்துத் தீர்ப்பாயத்துல எதிர் வண்டிமேல கேஸ் நிக்கலை. மிச்சம் இருந்த வழி, தொழிலாளர் இழப்பீடு.

அந்தக் கணக்கு இப்படி. மாசச் சம்பளத்துல பாதியை எடுத்து, வயசுக்கு உள்ள எண்ணால பெருக்கணும். 40 வயசுக்கு 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைக்கும்தான் எடுத்துக்குவாங்க. 15,000 நிரூபணம் ஆனா 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். 8,000னு மட்டும் நிரூபணம் ஆனா 7,36,680.

அந்த வீட்டுல நிஜமா டிரைவருக்குப் போனது மாசம் இருபதாயிரத்துக்கு மேல. ஆனா நோட்டுல சம்பளம்னு ஒரு வரியும் இல்லை, எல்லாமே "பேட்டா". இழப்பீட்டுச் சட்டத்துல சம்பளம்னா பயணப்படியும், வேலையால வர்ற தனிச் செலவுக்குக் கொடுக்கிற காசும் சேராது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிச்சார்: இவங்களே பேட்டான்னு எழுதியிருக்காங்க, பேட்டா வழிச்செலவு, சம்பளம் எங்கே? முதலாளி கூண்டுல ஏறி "நாங்க கொடுத்தோம்"னு சொன்னார். நல்ல மனுஷன். வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைச்சுது.

44ஏஇ-ல டிரைவர் கணக்கு தேவையில்லைன்னு ஆடிட்டர் சொன்னது வருமான வரிக்கு. அதைக் கேட்டுட்டு எழுதறதையே நிறுத்திட்டா, அந்தக் காகிதம் தேவைப்படுற மத்த எல்லா இடத்துலயும் கை வெறுமையா நிக்கும். நான் சொல்ல வந்தது இதுதான், ஜூன்லயே சொல்லியிருக்கலாம்.

22 ஆகஸ்ட் 2025

நேத்து எழுதினதைப் படிச்சுட்டுத் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "வண்டி அப்பா பேர்ல. ஓட்டறது நான். எனக்கு?"

பாலிசியை எடுத்துப் பார்த்தேன். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஆர்.சி.யில பேர் உள்ள, லைசென்ஸ் வச்சிருக்கிற முதலாளிக்கு மட்டும். தம்பி அதுல வரமாட்டான். சம்பளம் வாங்குற டிரைவருக்கான பொறுப்புக் காப்பு ஆளுக்கு 50 ரூபாய்தான், எங்க பாலிசியில இருக்கு. ஆனா அவன் சம்பளம் வாங்குற டிரைவர்னு யார் சொல்றது? வீட்டுப் பையன், தேவைப்பட்டப்போ அப்பா பாக்கெட்ல இருந்து எடுத்துக்குவான். "மகன் அப்பாவுக்கு உதவி பண்ணினான், ஊழியர் இல்லை"ன்னு வாதாட ரெண்டு நிமிஷம் போதும்.

அடுத்த மாசத்திலிருந்து தம்பிக்கும் சம்பளம் பேங்க்ல போகுது. அவனுக்குத் தனியா ஒரு விபத்துப் பாலிசியும் எடுத்தாச்சு. அப்பா சிரிச்சார், "பெத்த புள்ளைக்குச் சம்பள நாளா"ன்னு. சிரிக்கட்டும்.

குடும்பத்தோட வண்டி ஓட்டறவங்க எல்லாரும் இதைப் பாருங்க. வெளி டிரைவருக்கு எழுதறோம், வீட்டு டிரைவரை விட்டுடறோம். டிரைவர் ரெண்டு பேரோ, கிளீனரோ இருந்தா பாலிசியில அந்த எண்ணிக்கை சரியா இருக்கான்னும் பாருங்க.

14 செப்டம்பர் 2025

ரிட்டர்ன் தாக்கல் பண்ண நாளைக்குக் கடைசி நாள். நம்ம படிவமான ஐடிஆர்-4ல 44ஏஇ பகுதியில ஒவ்வொரு வண்டியோட பதிவு எண், சொந்தமா வாடகையா, எத்தனை டன், எத்தனை மாசம்னு வரிசையா கேட்கும். ஆர்.சி.யைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. 26ஏஎஸ்-ல (உங்க பான்ல பிடிச்ச வரியோட பட்டியல்) புக்கிங் ஆபீஸ் பிடிச்ச டிடிஎஸ் இருந்தா எடுத்துக்க மறந்துடாதீங்க.

16 செப்டம்பர் 2025

ராத்திரி ஒரு நாள் நீட்டிச்சாங்க. இன்னைக்குத்தான் கடைசி. சர்வர் நம்ம பழைய பத்துச் சக்கரம் மேடு ஏறுற வேகத்துல இருக்கு.

25 செப்டம்பர் 2025

ஜிஎஸ்டி மாறினதுல லாரிக்காரங்களுக்கு என்னன்னு நாலு பேர் கேட்டாச்சு. சுருக்கமா: கன்சைன்மெண்ட் நோட் (சரக்கை ஏத்துக்கிட்டதுக்குக் கொடுக்கிற சீட்டு) போடாம, வண்டியை மட்டும் புக்கிங் ஆபீசுக்கு வாடகைக்கு விடுற நமக்கு ஜிஎஸ்டி விலக்கு, அது மாறலை. நோட் போடுறவங்கதான் 5 பர்சண்டா, இல்லை உள்ளீட்டு வரியைக் கழிச்சுக்கிற வசதியோட 18 பர்சண்டான்னு முடிவு பண்ணணும், முன்னாடி 12 இருந்தது 22ஆம் தேதியிலிருந்து 18. புது லாரிக்கு 28லிருந்து 18 ஆச்சு. மூணாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 12லிருந்து 5. இந்தக் கடைசி ரெண்டும்தான் நம்ம பாக்கெட்டுக்கு வர்ற காசு.

24 நவம்பர் 2025

21ஆம் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்தாச்சு. "இனி பி.எஃப். கட்டணுமா"ன்னு பதறாதீங்க. பி.எஃப்.க்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர்ங்கிற அளவு அப்படியே இருக்கு, நாலு டிரைவர் வச்சிருக்கிறவங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனா மொத்தமா கொடுக்கிறதுல படிகள் பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதியைச் சம்பளமாவே எடுத்துக்குவாங்க. "சம்பளம் 5,000, பேட்டா 20,000"னு எழுதற நம்ம பழக்கத்துக்கு நேரா விழுந்த அடி. டிரைவர் பக்கம் இருந்து பார்த்தா இதுக்காக அழ மாட்டேன்.

டிரைவர்களுக்குத் தமிழ்நாடு அரசோட அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியம் இருக்கு. பதிவு பண்ணியிருக்காரான்னு ஒரு தடவை கேளுங்க. நம்ம பையன் ஒருத்தர் புதுப்பிக்காமலே விட்டிருந்தார்.

8 டிசம்பர் 2025

நாமக்கல்லிலிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர், கூட்டு நிறுவனமா அஞ்சு வண்டி. நிறுவனத்துக்கு 12 லட்சத் தள்ளுபடி கிடையாது, முதல் ரூபாயிலிருந்து 30 பர்சண்ட். ஆனா 44ஏஇ-ல எதையும் கழிக்க முடியாதுன்னு மேல எழுதினதுக்கு நிறுவனத்துக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கு: பங்குதாரர் சம்பளமும் முதலீட்டு வட்டியும், உள்ள வரம்புக்குள்ள, அந்த வருமானத்துல கழியும். அப்படிக் கொடுக்கிற தொகை வருஷத்துல 20,000ஐத் தாண்டினா இந்த ஏப்ரலிலிருந்து 194டி (194T, டிராக்டர்ல வர்ற டி) படி 10 பர்சண்ட் டிடிஎஸ் பிடிக்கணும். அண்ணன் தம்பிக்கு டிடிஎஸ் பிடிக்கறதாவதுன்னு கேட்டார். ஆமாங்க.

"சம்சாரம் பேர்ல ரெண்டு வண்டி மாத்திட்டா?" உங்க காசுல வாங்கிக் கொடுத்தா அந்த வருமானம் உங்க தலையிலதான் சேரும்.

19 ஜனவரி 2026

கேள்வி கேட்ட திருச்செங்கோட்டுக்காரர் திரும்ப வந்திருக்கார். பத்துச் சக்கரத்தை விக்கப்போறாராம், "44ஏஇ-லதான் இருக்கேன், வித்த காசுக்கு வரி வராதே"ன்னு கேட்கறார்.

வரலாம். 44ஏஇ-ல நீங்க தேய்மானம் கழிக்கலைன்னாலும், கழிச்சதாவே வச்சு மதிப்பைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. வாடகை லாரிக்கு வருஷம் 30 பர்சண்ட். 30 லட்சத்துக்கு வாங்கினது அஞ்சு வருஷத்துல காகிதத்துல 5 லட்சத்துக்கு வந்து நிக்கும், சந்தையில 13 லட்சம் போகும். இருக்கிற ஒரே வண்டியை வித்தா நடுவுல உள்ள 8 லட்சம் குறுகிய கால ஆதாயம். உங்களுக்கு இன்னும் ரெண்டு வண்டி இருக்கறதால மூணோட காகித மதிப்பையும் சேர்த்துப் பார்க்கணும். வித்த தொகை அந்த மொத்தத்தைத் தாண்டலைன்னா இந்த வருஷம் ஒண்ணும் இல்லை, மிச்ச மதிப்பு குறையும், அவ்வளவுதான். உங்க ரெண்டும் கடன்ல எடுத்த புது வண்டின்னா தாண்டாது. பில்லை எடுத்துப் பாருங்க.

பிப்ரவரி 2ஆம் தேதி பேர் மாத்தினா பிப்ரவரி முழுசும் உங்க கணக்குல 28,000, வாங்கறவர் கணக்குலயும் 28,000. முடிஞ்சா இந்த மாசம் 31க்குள்ள மாத்திடுங்க. ஃபாஸ்டேக்கையும் அன்னைக்கே மூடிடுங்க, வாங்கறவர் உங்க காசுல டோல் தாண்டிப் போவார்.